சுவர்கள் குடை பிடித்த சனிக்கிழமை

முதலில் ஓர் எச்சரிக்கை. எனக்குச் சிரிப்பு வந்தால் லேசில் அடங்காது. செத்த வீட்டில் சிரித்து, உறவுக்காரர்கள் கையைப் பிடித்துப் பின்வளவுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அலுவலகக் கூட்டங்களில் பேனை விழுந்துவிட்டது என்று சொல்லி மேசைக்குக் கீழே குனிந்து, அங்கேயே இருந்து சிரித்து முடித்துவிட்டு மேலே வந்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஒருத்தியை ஓய்வுபெறும் வயது வரைக்கும் நகரத் திட்டமிடலில் வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால், அந்தத் துறைக்கு எவ்வளவு பொறுமை இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது நீங்கள் அந்தக் கதிரைகளில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மக்கள் பங்கேற்புப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது பயனுள்ளதாக எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். பயனுள்ளது எல்லாம் கைநூலில் இருக்கிறது, வாசித்துக்கொள்ளுங்கள். நான் கொட்டாஞ்சேனைக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் மக்கள் பங்கேற்பு என்றால் ஒரு மண்டபம், வாடகைக் கதிரை, ஃபிஷ் ரோல்ஸ், கையெழுத்து, ஒரு குரூப் ஃபோட்டோ. ரோல்ஸ் நல்லதாக இருந்தால் பங்கேற்பும் நல்லதாக இருக்கும். நான் மேடையில் நின்று "உங்கட கருத்து என்ன?" என்று கேட்பேன். எல்லாரும் "நல்லம் மிஸ்" என்பார்கள். கையில் ரோல்ஸை வைத்துக்கொண்டு கூடாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டம். கொழும்பில் தோட்டம் என்றால் செடி கொடி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வாசலுக்குள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் சின்னஞ்சிறு வீடுகள்தான் தோட்டம். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் இருந்து ஆயுசு நூறு என்பார்கள். அந்த வீடுகளை இடித்துவிட்டு, அதே நிலத்தில் ஒரு தொடர்மாடி கட்டி, அதே ஆட்களை அதில் குடியேற்றுவது திட்டம். அண்டை வீட்டார் மாடியிலும் அண்டை வீட்டாராகவே இருப்பார்கள் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்கள். அது நல்ல வாக்கு. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

நான் வெள்ளவத்தையில் இருந்து ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, பஸ் பிடித்து அங்கே போவேன். வீடு வீடாகப் போய்க் குறை கேட்டேன். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. சுமதி என்று ஒருத்தி எனக்குப் பிளேன்ரீ தந்தாள். விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். புருஷன் இல்லை. மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சுமதி சமைக்கும் குசினியின் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு முருகன் காலண்டர் தொங்கியது. யாராவது காலண்டரை இடுப்பு உயரத்தில் மாட்டுவார்களா என்று நான் யோசிக்கவில்லை. முருகனுக்குப் பின்னால் இருந்து மெல்ல ஆவி வந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். நல்ல காலண்டர் என்று வேறு சொன்னேன். சுமதி சாமி கும்பிடுவதுபோல் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "ஓம் மிஸ், நல்ல காலண்டர்" என்றாள்.

அடுத்த வீடு பரீதா ராத்தாவுடையது. ராத்தா என்றால் முஸ்லிம்கள் அக்காவுக்குச் சொல்வது. அவருடைய கணவர் வேலையில் உயரத்தில் இருந்து விழுந்து முதுகு அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். ராத்தா அவரை விட்டு வாசலைத் தாண்டுவதில்லை. அவருடைய குசினியிலும் இடுப்பு உயரத்தில் ஒரு காலண்டர், இது ஒரு புடைவைக்கடைக் காலண்டர். நான் அதையும் பாராட்டினேன். என்னைப் போல நல்ல மனுஷி எந்த அலுவலகத்திலும் கிடைக்கமாட்டாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது மண்டபத்தில்தான். திட்ட வரைபடத்தைப் பலகையில் குத்தி வைத்து விளங்கப்படுத்தினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற சூசை அங்கிள் மட்டும் கிட்ட வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இதில் எது மேல்பக்கம் என்று கேட்டார். கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டம் முழுக்க ஒரே கருத்தாக இருக்கிறது என்றால் ஒன்று அவர்களுக்கு விளங்கவில்லை, இல்லையென்றால் ஏதோ மறைக்கிறார்கள். பிறகு பார்த்தால் இரண்டும்தான்.

எங்கள் கட்டடக்கலைஞர் ரொஷான், மீசை அரும்பாத பிள்ளை, அப்போதுதான் வேலைக்கு வந்தவர். அவரிடம் சொன்னேன், இந்தப் படத்தை உண்மையான அளவில் நிலத்தில் போடுவோம், ஆட்கள் அதற்குள் நடந்து பார்க்கட்டும் என்று. பக்கத்துப் பாடசாலை மைதானத்தைக் கேட்டு வாங்கினோம். விளையாட்டுப் போட்டிக்கு ஓடுபாதைக் கோடு போடும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூளும் அவர்களே தந்தார்கள். பக்கம் பக்கமாக இரண்டு வீடுகளை ரொஷான் கோடு போட்டு வரைந்தார். முன்னால் பொது நடைபாதை, வாசல், ஹோல், ஓர் அறை. ஒவ்வொரு வீட்டுக்கும் இடப்பக்கம் டொய்லட், வலப்பக்கம் குசினி, குசினியோடு துணி காயப்போட ஒரு சின்ன பல்கனி. இரண்டு வீடும் அச்சடித்ததுபோல் ஒன்று. வேறு எங்கோ கட்டிய மாடியின் படத்தை அப்படியே எடுத்தது அது. 'ஸ்டேண்டர்ட் பிளேன்' என்று அதற்கு ஒரு மரியாதையான பெயரும் இருந்தது.

பிள்ளைகளே, நான் கருத்துக் கேட்க அழைத்தேன். அவர்கள் குடிவந்துவிட்டார்கள்.

முதலில் வந்த பெண் கோட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தாள். அவளைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்தார், ஒருவர் பாய் கொண்டுவந்தார், யாரோ ஃப்ரிட்ஜ் வாங்கிய வெறும் பெட்டியைக் கொண்டுவந்து குசினி மூலையில் நிறுத்தினார். சூசை அங்கிள் கதிரை ஒன்றை டொய்லட் கட்டத்துக்குள் போட்டு, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்தச் சொல்லிச் சத்தம் போட்டார். ஆள் இருக்கிறாராம். சுவர் வழியாக நடந்த ஒரு பெண்ணை இன்னொருத்தி என்ன மனுஷி நீ, வாசல் எதற்கு இருக்கிறது என்று கேட்டாள். அவள் திரும்பிப் போய், வாயால் 'டிங் டொங்' என்று மணியடித்துவிட்டு உள்ளே வந்தாள். ஒரு நாய் மட்டும் எல்லாச் சுவரையும் ஊடறுத்துப் போனது. எனக்கு வயிறு நோவெடுத்துவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. சுமதி தன் வீட்டுக் குசினியில் நின்றாள். ராத்தாவின் மகள் ஹெந்தளையில் இருந்து வந்து வாப்பாவோடு இருந்தபடியால் ராத்தாவும் வந்திருந்தார். அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம், தன்னுடைய வீட்டுக்குள் நின்றார். விளையாட்டு சூடுபிடித்து, எல்லாரும் சமைப்பதுபோலும் துவைப்பதுபோலும் நடித்துக்கொண்டிருந்தார்கள். சுமதி இல்லாத இடியப்ப உரலில் இல்லாத மாவைப் பிழிந்தாள். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல், இல்லாத தட்டைச் சுவருக்குள்ளால் இடுப்பு உயரத்தில் நீட்டினாள். ராத்தா அதை வாங்கினார். அடுத்த தட்டு. வாங்கினார். இரண்டு பேரும் ஏதோ ஒரு தாளத்துக்கு வேலை செய்வதுபோல் இருந்தது.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கிட்டப் போனேன்.

"சுமதி, நீங்கள் இப்ப அந்தத் தட்டை எங்க குடுத்தனீங்கள் எண்டு தெரியுமே?"

அவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள். அவள் இடியப்பம் கொடுத்தது ராத்தாவின் டொய்லட்டுக்குள்.

மைதானமே சிரித்தது. சுமதியும் ராத்தாவும் மட்டும் சிரிக்கவில்லை. சுமதி நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். நான் அவர்கள் இரண்டு பேரையும் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெகுநேரம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் ராத்தாதான் சொன்னார்.

"செவுத்துல ஒரு ஓட்டை ஈக்கி மிஸ். காலண்டருக்குப் பொறகால."

விஷயம் இதுதான். சுமதி பிழிவாள், ராத்தா அவிப்பார். இரண்டு குசினிக்கும் நடுவில் உள்ள சுவரில் சில கல்லை எடுத்து ஒரு துவாரம் வைத்திருந்தார்கள். பிழிந்த தட்டு அந்த வழியாகப் போகும், அவிந்த தட்டு அந்த வழியாக வரும். ஒரு குசினிக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை. ராத்தாவால் கணவரை விட்டு வெளியே வரவும் முடியாது. துவாரத்தருகே நின்றால் ராத்தாவுக்குத் தெரிவது சுமதியின் கை, சுமதிக்குத் தெரிவது ராத்தாவின் கை. அந்த நான்கு கைகள்தான் இரண்டு வீட்டையும் கொண்டு நடத்தின. கணவரின் மருந்தும் மகளின் டியூஷனும் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தன. தனித்தனியாக இருவராலும் அந்த அளவுக்குச் செய்ய முடியாது, செய்யாவிட்டால் கடைகள் வேறு ஆளைப் பிடித்துவிடும். சுவரை உடைத்தது சட்டப்படி குற்றம் என்று பயந்து, அதிகாரிகள் வரும்போதெல்லாம் காலண்டரை மாட்டியிருக்கிறார்கள். முருகன் காவலுக்கு நின்றிருக்கிறார்.

நான் கேட்ட கேள்வி "உங்களுக்கு என்ன குறை?" என்பது. ஓட்டை அவர்களுக்குக் குறை இல்லையே. அது அவர்களுடைய வாழ்க்கையிலேயே ஆகச் சரியாக இருந்த விஷயம். அதை எந்த மடையன் குறை என்று வந்து சொல்லுவான்?

ரொஷானிடம் ஓடினேன். ஒரு வீட்டைத் திருப்பிப் போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். அது ஸ்டேண்டர்ட் பிளேன், அதில் கை வைக்க நம் இருவருக்கும் அதிகாரம் இல்லை, பணிப்பாளர் மேடம் ஒருவரால்தான் முடியும், சனிக்கிழமை மேடம் ஆட்களோடு குரூப் ஃபோட்டோ எடுக்க இங்கே வருகிறார், திங்கட்கிழமை வரைபடம் கேள்விப்பத்திரத்துக்கு, அதாவது டெண்டருக்குப் போகிறது, அதற்குப் பிறகு கடவுளாலும் முடியாது என்றார். அப்படியென்றால் சனிக்கிழமை மேடத்தை அந்தக் கோடுகளுக்குள் நடக்க வைக்கவேண்டும் என்று நான் முடிவு செய்தேன். வாயால் சொன்னால் மேடம் மாட்டேன் என்பார். நடந்தால்தான் விளங்கும்.

மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்களப் பெண்மணி, கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, நேரான முதுகு. அவர் சிரித்ததை அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. என்னைப் பார்த்தாலே, இவள் இப்போது சிரித்துத் தொலைப்பாள் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

சனிக்கிழமை காலை கோடுகளைப் புதிதாகப் போட்டோம். சுமதி கேஸ் அடுப்பும் உரலும் உண்மையான மாவும் கொண்டுவந்தாள். அன்றும் மகள் வாப்பாவோடு இருந்தபடியால் ராத்தா ஸ்டீமரோடு வந்தார். எல்லாம் தயார். வானமும் தயாராகத்தான் இருந்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை. மேடத்தின் வாகனம் பாடசாலைக் கேட்டுக்குள் திரும்பியபோது, கொழும்பில் மட்டும் பெய்யுமே, வாளியால் அள்ளி ஊற்றுவதுபோல் ஒரு மழை, அது ஊற்றியது. நான் பார்த்துக்கொண்டு நிற்க, வாசல் கரைந்தது, ஹோல் கரைந்தது, குசினியும் டொய்லட்டும் ஒன்றாகக் கலந்து வெள்ளைத் தண்ணீராக வடிகானுக்குள் ஓடின.

ரொஷான் மேடத்தைத் திருப்பி அனுப்புவோம் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் திருப்பி அனுப்பினால் திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிடும். சுமதி உரலைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சூசை அங்கிள் ஒரு கறுப்புக் குடையோடு மைதானத்துக்கு நடுவில் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், ஒரு செவுரு இங்கதான இருந்திச்சு? நான் நிக்கிறேன். மத்தவங்கள நிக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். நான் கத்தினேன், சுவர் எல்லாம் இடத்துக்கு வாங்கோ என்று. தோட்டம் முழுக்க மழைக்குள் ஓடிவந்தது. ஒருவருடைய கையை ஒருவர் பிடித்து வரிசை வரிசையாக நின்றார்கள். குடை வைத்திருந்த இரண்டு பெண்கள் வாசல்கதவாக நின்றார்கள். குடை விரிந்தால் கதவு பூட்டு, குடை மடங்கினால் கதவு திறப்பு. ஒருத்தி வாளியைப் பிடித்துக்கொண்டு தான்தான் சிங்க் என்றாள். எல்லாம் அழகாக அமைந்தது, ஓர் இடத்தைத் தவிர. டொய்லட் சுவராக நிற்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. கௌரவமான ஆட்கள், யார் நிற்பார்கள்? அது சுமதியின் குசினிக்கும் ராத்தாவின் டொய்லட்டுக்கும் நடுவில் உள்ள சுவர், முக்கியமான சுவர். வேறு வழியில்லாமல் ரொஷானைப் பிடித்துத் தள்ளினேன். தான் வரைந்த சுவரில் தானே போய் நின்றார்.

மேடம் சாரதி பிடித்த குடைக்குக் கீழே நேராக என்னை நோக்கி வந்தார். நேர் வழியில் சூசை அங்கிள் இருந்தார். மேடம் அவரைத் தாண்டப் போனார். அவர் கையை இறக்கவில்லை.

"மேக பித்தியக், மேடம்," என்றார். இது சுவர் மேடம்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். மழை முகத்தில் அடித்தபடியால் நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. மேடம் சூசை அங்கிளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். குடை மடங்கியது. வாசலில் செருப்புகள் நனைந்துகொண்டு குவிந்து கிடந்தன. மேடம் அவற்றைப் பார்த்தார். அதன் பிறகு தன் சப்பாத்தைக் கழற்றிச் சாரதியின் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு சேற்றுக்குள் வந்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் ஒரு பெரிய பாசம் வந்தது. அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

சுமதி ஒரு தட்டில் இடியப்பம் பிழிந்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு குசினியால் வந்து, ஹோலால் வந்து, வாசலால் போய், நடைபாதையால் நடந்து, அடுத்த வாசலால் புகுந்து, அந்த வீட்டின் மறுகோடியில் இருந்த குசினிக்குப் போய் ராத்தாவிடம் கொடுத்தாள். கொடுத்தபோது தட்டில் இருந்தது கூழ். திரும்பி வந்தாள். அடுத்த தட்டைப் பிழிந்தாள். நான் மேடத்துக்குச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன், துவாரம், காலண்டர், படுக்கையில் இருக்கும் கணவர், எல்லாவற்றையும். சட்டத்தை உடைத்தவர்கள் என்று அவர்களைக் காட்டிக்கொடுக்கிறேனோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் மறைத்தால் ஒன்றும் நடக்காது. மேடம் கேட்டார். கேட்டுவிட்டு, இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள சுவரில் துவாரம் வைக்க முடியாது, ஒரு வீட்டில் தீப்பிடித்தால் மற்ற வீடும் போகும், அதற்குத் தான் ஒருநாளும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அவர் சொன்னது சரி. அதுதான் பெரிய தொல்லை.

மழை விடவில்லை. சுமதி பிழிந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை வைத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு பழக்கதோஷத்தில், எப்போதும்போல் இடுப்பு உயரத்தில் சுவரைப் பார்த்து நீட்டினாள். சுவராக நின்ற ரொஷான் அதை வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகு அவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. இடப்பக்கம் சுமதியைப் பார்த்தார். வலப்பக்கம் ஒரு டொய்லட்டைப் பார்த்தார். டொய்லட்டுக்கு அப்பால் தூரத்தில், கையை நீட்டியபடி நின்ற ராத்தாவைப் பார்த்தார்.

சுவர் வாய் திறந்தது. "மேடம், துவாரம் தேவையில்லை," என்றது சிங்களத்தில். "ராத்தாவின் வீட்டை இடம் வலம் மாற்றினால் இரண்டு குசினியும் பக்கத்தில் வரும், பல்கனியும் பக்கத்தில் வரும். சுவர் முழுச் சுவராகவே இருக்கட்டும். பல்கனிக்கு நடுவில் மட்டும் அரைச் சுவர் போதும். குழாய்ச் செலவும் மிச்சம்."

மேடம் எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டார். ரொஷான் திரும்ப வரைய எடுக்கும் நாளைச் சொல்லத் தொடங்க, நான் இடையில் புகுந்து இப்பவே காட்டுறம் மேடம் என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. திரும்பிக் கத்தினேன்.

"ராத்தா வீடு, அப்பிடியே திரும்புங்கோ!"

நான் எத்தனையோ கட்டடம் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டடம் நடந்ததை அன்றுதான் பார்த்தேன். சுவர்கள் கையை விடாமல் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடின. அறை ஹோலோடு மோதியது. டொய்லட் மிகவும் மரியாதையாக, யாரையும் தொடாமல், வலப்பக்கம் போனது. சிங்க் வாளியோடு ஓடிவந்து சரியாகச் சுமதிக்கு எதிரில் நின்றது. ஒரு சுவர் விழுந்து எழும்பியது. எல்லாரும் சிரித்தார்கள், நடைபாதையும் சிரித்தது. அரைச் சுவருக்கு ஆள் வேண்டும் என்றதும், நின்று நின்று கால் கடுத்துப்போயிருந்த சூசை அங்கிள் ஓடிவந்து இரண்டு பல்கனிக்கும் நடுவில் குந்தினார். அவருக்குப் பக்கத்தில் ரொஷானும் குந்தினார்.

மேடம் சேற்றுக்குள் நடந்து பல்கனிக்கு வந்தார். சுமதியின் கையில் இருந்த தட்டைத் தானே வாங்கினார். சூசை அங்கிளின் தலைக்கு மேலால் அதை ராத்தாவிடம் நீட்டினார். ராத்தா வாங்கி ஸ்டீமரில் வைத்தார். யாரும் ஓர் அடி நடக்கவில்லை. ராத்தாவின் கண் நிறைந்துவிட்டது, அவர் மூடியைப் போடுவதுபோல் குனிந்துகொண்டார்.

மேடம் ரொஷானின் தலையைப் பார்த்து, இதை வரைந்து திங்கட்கிழமை காலை என் மேசையில் வை, எல்லா மாடிக்கும் இப்படியே என்றார். கீழே இருந்து சூசை அங்கிள், தான் இனி எழும்பலாமா என்று சிங்களத்தில் கேட்டார். மேடத்தின் முகத்தில் ஏதோ உடைந்தது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு கஞ்சி போட்ட சேலை முழுக்கக் குலுங்கியது. மேடம் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். அதைப் பார்த்ததும் காலையில் இருந்து நான் அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. மேலதிகாரியின் முன்னால் பயமில்லாமல் நான் சிரித்தது அன்று மட்டும்தான்.

உங்களுக்குப் படிப்பினை என்று ஏதாவது வேண்டுமே. மக்கள் பொய் சொல்வதில்லை, பிள்ளைகளே. தங்கள் சொந்த மூளையால் செய்துகொண்ட ஏற்பாட்டை உங்களிடம் காட்டப் பயப்படுகிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் கையில் பேனையோடு போனால் காலண்டர் மாட்டுவார்கள். அவர்கள் விளையாட ஓர் இடம் செய்து கொடுத்துவிட்டு, வாயைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். பிறகு மழை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

தொடர்மாடி எழும்பிச் சாவி கொடுத்த அன்று நானும் போனேன். ராத்தாவின் கணவரைக் கதிரையில் வைத்து லிஃப்டில் ஏற்றினார்கள். சூசை அங்கிள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுமதி வீட்டு ஹோலில் ஒரு சுவரைத் தட்டிக் காட்டினார். "இது நான், மிஸ்," என்றார். பெயின்ட் இன்னும் காயவில்லை, அவருடைய கை வெள்ளையாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாள் விடியற்காலையில், சொல்லாமல் கொள்ளாமல் போனேன். கீழேயே இடியப்ப வாசம். மேலே ஏறிப் போனால் இரண்டு பல்கனி, நடுவில் அரைச் சுவர். சுமதி இந்தப் பக்கம், ராத்தா அந்தப் பக்கம். சுவரின் மேலே ஒரு தட்டு அந்தரத்தில் நின்றது. ஒருத்தி கொடுக்கவும் இல்லை, மற்றவர் வாங்கவும் இல்லை, இரண்டு பேரும் தட்டைப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே கடைக்காரப் பையன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

என்ன சுமதி, வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் தட்டை விடாமலே சொன்னாள்.

"வசதிதான் மிஸ். ஆனா முந்தி வேல நேரத்துல ராத்தாட கை மட்டுந்தான் தெரியும். இப்ப மொகம் தெரியுதில்ல, கத கூடிப்போச்சு. டெய்லி ஓடர் லேட்டாகுது."

ராத்தா அந்தப் பக்கத்தில் இருந்து, மிகவும் பணிவாக, ஒரு கோரிக்கை வைத்தார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்கோ. இந்தச் செவுத்தக் கொஞ்சம் ஒசத்தித் தர ஏலுமா?"

அந்த ஒரு கோரிக்கையை மட்டும் நான் மேலிடத்துக்கு அனுப்பவில்லை.